கரண்ட் பம் பூட்டுமுன் காற்று எங்கே நுழைகிறது என்று பாருங்கள்

காலபோக விதைப்புக்கு முந்திய வாரங்களில் நமது பகுதிகளிலுள்ள கராச்சுகளில் ஒரே முறைப்பாடு திரும்பத் திரும்பக் கேட்கிறது. "மெசின் ஸ்ராட் எடுக்குது இல்லை. எடுத்தாலும் கொஞ்ச நேரத்திலை நிண்டுபோகுது." இதற்குக் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணை, எயர் இழுக்குது. ஒரு கரண்ட் பம் பூட்டிவிட்டால் பிரச்சினை முடிஞ்சுது."

பிரச்சினை உண்மையில் முடிந்துவிடுகிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இது மெக்கானிக்மார் மட்டும் பேசித் தீர்க்கும் விடயமன்று. இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களும், திரும்பி வந்து காணியைத் துப்புரவாக்கிக்கொண்டிருக்கும் குடும்பங்களும் பெரும்பாலும் ஒரே ஓர் உழவு இயந்திரத்தைப் பலர் சேர்ந்து நம்பியிருக்கின்றன. புழுதி விதைப்புக்கு நிலத்தைத் தயார்செய்யக் கிடைக்கும் நாட்கள் சிலவே. மழை கனத்த பின் இயந்திரம் திருந்தி வந்தாலும் அந்தப் போகம் திரும்பி வராது. குத்தகைக் காணியில் கடன் விதைநெல்லோடு நிற்பவருக்கு, வயல் நடுவில் நின்றுபோன இயந்திரம் ஒரு வருடச் சாப்பாட்டுக் கணக்கையே மாற்றிவிடும்.

மின் பம்பி கூடாது என்று நான் வாதாடவில்லை. எனது கருத்து இரண்டு. ஒன்று, நோயைக் கண்டறியாமல் அதைப் பூட்டக்கூடாது. மற்றது, பூட்டுவதாயின் பற்றரி செத்தாலும் இயந்திரம் ஓடக்கூடிய விதமாகவே பூட்டவேண்டும். இவற்றுக்கான காரணங்களை இயலுமான அளவு எளிமையாகச் சொல்ல விரும்புகிறேன்.

டீசல் செல்லும் பாதை

நமது கிராமங்களில் நன்கு பழக்கப்பட்ட மசி பெர்குசன் 135 ஐ உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இது 1964 முதல் உற்பத்தியான இயந்திரம். இதிலுள்ள பேர்கின்ஸ் எஞ்சின் மூன்று சிலிண்டர் கொண்டது. 152 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ இரண்டரை லீற்றர் கொள்ளளவு உடையது. டீசல் தாங்கி பொனற்றின் கீழ், எஞ்சினுக்கு மேலே இருக்கிறது. தாங்கியிலிருந்து டீசல் திறப்புக் குழாய் வழியாகவும் ஊத்தை தங்கும் கிண்ணத்தின் வழியாகவும் இறங்கி, எஞ்சினின் பக்கத்தில் பூட்டப்பட்டிருக்கும் ஊட்டுபம்பிக்கு வருகிறது. எஞ்சின் சுழலும்போது உள்ளேயுள்ள கம் தண்டு ஒரு நெம்பைத் தள்ள, அந்த நெம்பு ஒரு இறப்பர்த் தகட்டை மேலும் கீழும் அசைக்கிறது. இவ்வளவுதான் ஊட்டுபம்பியின் வேலை. இதற்கு மின்சாரம் தேவையில்லை. அதன் பக்கத்திலிருக்கும் சிறு கைநெம்பு, எஞ்சின் ஓடாத வேளையில் கையால் அடிப்பதற்கானது.

ஊட்டுபம்பியிலிருந்து டீசல் பில்ரருக்கும், அங்கிருந்து பெரிய டீசல் பம்பிக்கும் போகிறது. பெரிய பம்பி அதனை மிகுந்த அமுக்கத்தில் தடித்த உருக்குக் குழாய்கள் மூலம் இன்ஜெக்டர்களுக்கு அனுப்புகிறது. இரண்டு அமுக்கங்களுக்கும் உள்ள வேறுபாட்டை மனதில் கொள்ளுங்கள். ஊட்டுபம்பி தருவது சதுர அங்குலத்துக்குப் பத்து இறாத்தல் அளவிலான அமுக்கமே. இன்ஜெக்டர் திறப்பதற்கோ 2000 இறாத்தலுக்கும் மேற்பட்ட அமுக்கம் வேண்டும். மின் பம்பி இந்தச் சிறிய வேலையைத்தான் செய்யவல்லது. பெரிய பம்பியின் வேலையில் அது ஒருபோதும் பங்குகொள்ளாது. ஆகவே தேய்ந்துபோன பெரிய பம்பிக்கோ, சொட்டும் இன்ஜெக்டருக்கோ, அமுக்கம் குறைந்த சிலிண்டருக்கோ மின் பம்பி மருந்தாகாது.

காற்று ஏன் தொல்லை தருகிறது? சைக்கிள் பம்பின் வாயை விரலால் மூடிக்கொண்டு தள்ளிப் பாருங்கள். உள்ளே காற்று இருந்தால் தண்டு அமுங்கிக்கொடுக்கும். தண்ணீர் இருந்தால் அசையாது. டீசலும் தண்ணீரைப் போன்றது. உருக்குக் குழாயில் ஒரு குமிழி காற்று புகுந்தால், பெரிய பம்பி தள்ளுவதெல்லாம் அந்தக் குமிழியை அமுக்குவதிலேயே போய்விடும். இன்ஜெக்டர் திறக்காது, எஞ்சின் நிற்கும்.

காற்று எங்கிருந்து வருகிறது?

குழாயில் டீசல் உறிஞ்சப்படும் பக்கம் ஒன்றும், தள்ளப்படும் பக்கம் ஒன்றும் உண்டு. தள்ளும் பக்கத்தில் நெகிழ்வு இருந்தால் டீசல் வெளியே கசியும். துணியால் துடைத்தாலும் மீண்டும் ஈரமாகும். ஆனால் உறிஞ்சும் பக்கத்தில் நெகிழ்வு இருந்தால் எஞ்சின் ஓடும்போது வெளியே எதுவும் தெரியாமல் காற்று உள்ளே போகும். இதனால்தான் பலரும் எவ்வளவு தேடியும் கண்டுபிடிக்க முடியாமல் களைத்துப்போகிறார்கள்.

தாங்கி மேலே இருக்கும் இயந்திரத்தில் டீசல் தானாகவே இறங்கி வருமல்லவா, அங்கு உறிஞ்சல் எப்படி ஏற்படும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வழியில் அடைப்பு இருக்கும்போதுதான் உறிஞ்சல் ஏற்படுகிறது. திறப்புக் குழாயின் வலையில் துரு அடைத்திருக்கும், அல்லது கிண்ணத்தில் கருநிறச் சேறு நிறைந்திருக்கும், அல்லது தாங்கி மூடியின் காற்றுத் துவாரத்தைக் குளவி மண் வைத்து மூடியிருக்கும். டீசல் இறங்காத இடத்தில் ஊட்டுபம்பி வலிந்து இழுக்கும். அந்த இழுவையில் சற்று நெகிழ்ந்திருக்கும் வொஷர் வழியாகக் காற்று புகும். அடைப்புத்தான் மூல நோய். காற்று அதன் அறிகுறி.

நமது இயந்திரங்களில் அடைப்பு அதிகமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 1995 இலும் 2008, 2009 ஆம் ஆண்டுகளிலும் இவ்வியந்திரங்கள்தான் பெட்டியில் வீட்டையே ஏற்றிச் சென்றன. பல இயந்திரங்கள் கைவிடப்பட்டு மழையிலும் வெயிலிலும் கிடந்து, பின்னர் மீட்கப்பட்டுத் திருத்தப்பட்டவை. நீண்ட காலம் பாதி வெறுமையாகக் கிடந்த தாங்கியின் உட்சுவர் துருப்பிடிக்கும். அடியில் தங்கிய தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்கிருமிகள் வளர்ந்து கரிய பிசின்போன்ற சேறாகும். 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில் கான்களிலும் பரல்களிலும் டீசலைச் சேமித்து வைக்கும் வழக்கம் கூடியது. அவற்றின் அடியில் தங்கிய நீரும் அழுக்கும் இறுதியில் தாங்கிக்கே வந்து சேர்ந்தன. இத்தகைய தாங்கியோடு மின் பம்பியைப் பூட்டினால் என்ன நடக்கும்? சில நாட்கள் அது அடைப்பினூடாக வலிந்து இழுக்கும். இயந்திரம் திருந்திவிட்டதாக நாம் நம்புவோம். பிறகு மின் பம்பியே அடைத்து நிற்கும்; அதுவும் உழவு நடுவில்.

செலவில்லாத பரிசோதனைகள்

ஒரு காலை நேரத்தை ஒதுக்கினால் பின்வரும் பரிசோதனைகளை நீங்களே செய்யலாம். காசு கொடுப்பதற்கு முன் இவற்றைச் செய்து பார்த்துவிட்டேன் என்று மெக்கானிக்கிடம் சொல்லக்கூடிய நிலையில் இருங்கள்.

முதலாவது, தாங்கி மூடி. இயந்திரம் அரை மணித்தியாலம் நன்றாக ஓடிவிட்டு நிற்கிறதாயின், நின்றவுடன் மூடியைத் தளர்த்துங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியின் துவாரம் அடைத்திருக்கிறது என்பது உறுதி. மெல்லிய கம்பியால் குத்திக் கழுவினால் வேலை முடிந்தது.

இரண்டாவது, கிண்ணமும் வலையும். திறப்புக் குழாயை மூடிவிட்டுக் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவுங்கள். பிறகு குழாயைத் திறந்து, கீழே ஒரு பாத்திரத்தைப் பிடியுங்கள். டீசல் கனமான தாரையாக விழவேண்டும். நூல்போல இறங்கினாலோ சொட்டினாலோ தாங்கியைக் கழற்றிக் கழுவாமல் வேறெதுவும் செய்து பயனில்லை.

மூன்றாவது, கான் பரிசோதனை. எல்லாவற்றிலும் பயனுள்ளது இதுவே. ஐந்து லீற்றர் கான் ஒன்றில் தெளிந்த டீசலை எடுத்து, எஞ்சினைவிட உயரமான இடத்தில் கட்டித் தூக்குங்கள். ஊடுதெரியும் பிளாஸ்ரிக் குழாய் ஒன்றினால் அதனை நேரே பில்ரரின் உள்வாயோடு இணைத்து, ஊட்டுபம்பியிலிருந்து வரும் குழாயை ஒதுக்கிவிடுங்கள். காற்றை எடுத்துவிட்டு எஞ்சினை அரை மணித்தியாலம் ஓடவிடுங்கள். ஒழுங்காக ஓடினால் குறை தாங்கிக்கும் பில்ரருக்கும் இடையில் இருக்கிறது. அப்படியும் நின்றால் பில்ரரிலோ பெரிய பம்பியிலோ அதற்கு அப்பாலோ குறை இருக்கிறது. அந்த நிலையில் மின் பம்பி வாங்குவது காசை வாய்க்காலில் போடுவதாகும். இங்கு ஓர் எச்சரிக்கை: குழாயில் டீசலை வரவழைப்பதற்காக வாயால் உறிஞ்சாதீர்கள். சிறிதளவு டீசல் சுவாசப்பைக்குள் போனாலும் உயிராபத்து ஏற்படலாம்.

நான்காவது, ஊட்டுபம்பி. அதன் வெளிவாய்க் குழாயைக் கழற்றிவிட்டுக் கைநெம்பை அடியுங்கள். ஒவ்வொரு அடிக்கும் டீசல் பீறிட்டு வரவேண்டும். கைநெம்பு இறுக்கமின்றித் தொளதொளவென்று அசைந்தால் உடனே "பம் பழுது" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கம் தண்டு நெம்பை முழுதாகத் தள்ளிய நிலையில் எஞ்சின் நின்றிருந்தால் கைநெம்புக்கு வேலை இருக்காது. எஞ்சினை ஒரு சுற்றுச் சுழற்றிவிட்டு மீண்டும் அடித்துப் பாருங்கள். இந்தச் சிறு விடயம் தெரியாமையால் நல்ல பம்பிகள் கழற்றி எறியப்படுகின்றன.

ஐந்தாவது, வொஷர்கள். பில்ரர் மாற்றும்போது பழைய செப்பு வொஷரையும் பழைய இறப்பர் வளையத்தையும் திரும்பப் போடுவதே காற்று புகுவதற்கான மிகச் சாதாரணமான காரணம். இவற்றின் விலை சொற்பம். பழைய பேர்கின்ஸ் எஞ்சினின் திருகுகள் அங்குல அளவிலானவை. மில்லிமீற்றர் ஸ்பனரைப் போட்டுத் திருகினால் மூலை தேய்ந்து, பிறகு எந்த ஸ்பனரும் பிடிக்காது. இறுக்க முடியாத திருகு காற்றுக்கு வாசலாகிவிடும்.

காற்றெடுக்கும் முறையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். முதலில் பில்ரர்த் தலையிலுள்ள திருகைத் தளர்த்திக் கைநெம்பை அடியுங்கள். குமிழியில்லாத டீசல் வந்ததும் அடிப்பதை நிறுத்தாமலே இறுக்குங்கள். அடுத்து, பெரிய பம்பியிலுள்ள காற்றுத் திருகுகளையும் இவ்வாறே செய்யுங்கள். கடைசியாக இரண்டு இன்ஜெக்டர்களின் குழாய் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, வேகக் கம்பியை முழுதாக வைத்து எஞ்சினைச் சுழற்றுங்கள்; டீசல் வெளிவந்ததும் இறுக்குங்கள். எப்போதும் பில்ரரிலிருந்து இன்ஜெக்டரை நோக்கியே போகவேண்டும். இன்ஜெக்டரிலிருந்து பீறும் டீசலுக்கு முன் கையை நீட்டக்கூடாது. அது தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும். காயம் ஊசிக்குத்துப்போலத் தோன்றினாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய காயம் அது.

யாரும் சொல்லாத ஆபத்து

மின் பம்பி பூட்டுவதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. கராச்சில் அதனை எடுத்துச் சொல்பவர்கள் குறைவு. பழைய ஊட்டுபம்பியின் இறப்பர்த் தகடு கிழிந்திருந்தால் டீசல் அந்தக் கிழிசல் வழியாக எஞ்சினுக்குள் இறங்கி ஒயிலோடு கலக்கும். இது சாதாரணமாக மெல்ல மெல்ல நடக்கும். ஆனால் அந்தப் பழுதான பம்பியைக் கழற்றாமல், அதற்கு முன்னால் மின் பம்பியையும் பூட்டிவிட்டால், மின் பம்பியின் அமுக்கம் டீசலை அந்தக் கிழிசலூடாக விடாமல் தள்ளிக்கொண்டேயிருக்கும். ஒயில் நீர்த்துப்போகும். நீர்த்த ஒயிலோடு உழுதால் பெயாரிங்குகளும் கிராங்க் தண்டும் தேயும். ஒயில் மட்டம் அளவு மீறி உயர்ந்தால், சில எஞ்சின்கள் அந்த ஒயிலையே காற்றோடு இழுத்து எரித்து, நிறுத்தினாலும் நிற்காமல் வெறிகொண்டு ஓடவும் கூடும்.

எனவே மின் பம்பியைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒயில் அளவுகோலை இழுத்துப் பாருங்கள். ஊற்றாமலே ஒயில் கூடியிருக்கிறதா? டீசல் மணக்கிறதா? விரலிடையே தேய்த்தால் தண்ணீர்போல் இருக்கிறதா? அப்படியாயின் எஞ்சினை ஓடவிடாதீர்கள். முதலில் தகட்டை மாற்றுங்கள், பிறகு ஒயிலையும் ஒயில் பில்ரரையும் மாற்றுங்கள். சில ஆயிரம் ரூபாவோடு முடியவேண்டிய வேலை முழு எஞ்சினையும் பிரித்துப் பூட்டும் வேலையாக மாறுவது இந்த ஓரிடத்தில்தான்.

டீசல் எஞ்சினின் பெருமை

எனது இரண்டாவது கருத்துக்கு வருகிறேன். பெற்றோல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டும். பழைய டீசல் எஞ்சினுக்கு அதுவும் வேண்டாம். ஒருமுறை சுழன்றுவிட்டால், டீசலும் காற்றும் இருக்கும்வரை ஓடிக்கொண்டிருக்கும். பற்றரியைக் கழற்றி எடுத்தாலும் நிற்காது.

1990 முதல் 2002 இன் தொடக்கம்வரை வடபகுதியில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இதன் அருமையை விளக்கவேண்டியதில்லை. டீசலும் பற்றரியும் கிடைத்தற்கரிய பொருள்களாக இருந்த அந்நாட்களில் மேட்டிலிருந்து உருட்டியும் பத்துப் பேர் சேர்ந்து தள்ளியும் இயந்திரங்களை ஓடவைத்தோம். இன்று கடைகளில் பற்றரி இருக்கிறது. வாங்குவதற்குக் காசுதான் இல்லை. பல பழைய இயந்திரங்களில் டைனமோ வேலை செய்வதில்லை. பற்றரியை வீட்டில் சார்ஜ் செய்து கொண்டுவந்து ஸ்ராட் செய்துவிட்டு நாள் முழுதும் உழுபவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட இயந்திரத்தில் மின் பம்பியைப் பூட்டினால், பற்றரி இறங்க இறங்கப் பம்பியும் தளரும். மதியத்துக்குள் வயலில் நிற்கவேண்டிவரும். மின்சாரம் வேண்டாத இயந்திரத்தை ஒரு வயருக்கு அடிமையாக்குவது நம்மைப் போன்றவர்களுக்குப் பொருந்தாத முன்னேற்றம் என்பதே எனது உறுதியான எண்ணம்.

மறுபக்க நியாயம்

மின் பம்பி பூட்டச் சொல்பவர்களின் பக்கத்திலும் நியாயம் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது.

கைநெம்பை நூறு தடவை அடித்துக் காற்றெடுப்பது வயதானவர்களுக்கும், கைகால் ஊனமுற்றவர்களுக்கும் கடினம். சுவிச்சைப் போட்டால் சில நிமிடங்களில் காற்று வெளியேறும் வசதி அவர்களுக்குப் பெரிய உதவி. சில பழைய எஞ்சின்களுக்கு ஊட்டுபம்பியோ அதன் தகடோ சந்தையில் கிடைப்பதில்லை; கிடைப்பதும் சில மாதங்களில் கிழிந்துபோகும் மலிவுச் சாமானாக இருக்கிறது. கம் தண்டின் அந்தப் பகுதியே தேய்ந்திருந்தால் புதுப் பம்பி போட்டும் பயனில்லை. தாங்கி உடைந்து, பதிலாகப் பரல் ஒன்றைக் கீழே வைத்து ஓடும் இறைப்பு இயந்திரத்துக்கும் உதவி தேவை. இத்தகைய இடங்களில் மின் பம்பி தகுந்த தீர்வே. அதைப் பூட்டும்போது உறிஞ்சும் பக்கத்தின் பெரும்பகுதி தள்ளும் பக்கமாக மாறுவதால், முன்பு மறைந்திருந்த நெகிழ்வுகள் டீசல் கசிவாக வெளியே தெரியும் என்பதும் ஒரு நன்மை. அப்போது கசிவைத் துடைத்துவிட்டுப் பேசாமலிருக்காமல் வொஷரை மாற்றவேண்டும்.

ஆனால் இரண்டு சக்கர உழவு இயந்திரத்துக்கும் ஒற்றைச் சிலிண்டர் இறைப்பு இயந்திரத்துக்கும், தாங்கி எஞ்சினுக்கு மேலே இருக்குமாயின், மின் பம்பி வேண்டியதேயில்லை. அவற்றில் டீசல் தன் பாரத்தாலேயே இறங்குகிறது. அவற்றுக்கும் பூட்டச் சொல்பவர் உங்கள் இயந்திரத்தைவிட உங்கள் பணப்பையையே பார்க்கிறார்.

பூட்டுவதாயின் இப்படிப் பூட்டுங்கள்

பம்பியைத் தெரிந்தெடுக்கும்போது அமுக்கத்தைப் பாருங்கள். பழைய காபரேற்றர் வகை வாகனங்களுக்கான, பத்து இறாத்தலுக்குள் அமுக்கம் தரும், டீசலுக்கு ஏற்றதென்று குறிக்கப்பட்ட 12 வோல்ற்றுப் பம்பியே போதும். புதிய பெற்றோல் கார்களின் தாங்கிக்குள்ளிருந்து கழற்றிய பம்பியைப் பூட்டாதீர்கள். அது 40 இறாத்தலுக்கு மேல் தள்ளக்கூடியது. பெரிய டீசல் பம்பியின் சீல்களைக் கசியச் செய்துவிடும்.

வாங்குமுன், புதிய காய்ந்த பம்பியின் உள்வாயில் ஊதிப் பாருங்கள். மின்சாரம் இல்லாதபோதும் காற்று மறுபக்கம் போனால், பற்றரி செத்தாலும் மேலேயுள்ள தாங்கியிலிருந்து டீசல் அதனூடாக இறங்கும். போகாவிட்டால், பம்பியைச் சுற்றி ஒரு பக்கவழிக் குழாயும் அதில் ஒரு திறப்பும் வையுங்கள். பம்பி ஓடும்போது திறப்பை மூடியிருங்கள். பம்பி நின்றுபோனால் திறந்துவிட்டு உழவைத் தொடரலாம். பற்றரி இல்லாமலும் ஓடவேண்டும் என்று நான் மேலே சொன்னதன் கருத்து இதுவே.

பம்பி தள்ளுவதில் வல்லது. இழுப்பதில் அவ்வளவு வல்லதன்று. ஆகவே அதனைத் தாங்கிக்கு அருகில், கிண்ணத்துக்கு அடுத்ததாக, புகைக்குழாயின் சூடு படாத இடத்தில் பூட்டுங்கள். அதற்கு முன்னால் வலை வடி ஒன்று இருக்கவேண்டும். டீசலுக்கான குழாயையே பயன்படுத்துங்கள். தண்ணீர்க் குழாய் ஊறிப் பருத்து வெடிக்கும். கம்பியால் முறுக்கிக் கட்டாமல் கிளிப் போடுங்கள். பழைய ஊட்டுபம்பியின் தகட்டில் சந்தேகம் இருந்தால் அதனைக் கழற்றி, அந்த இடத்தைத் தகடும் பக்கிங்கும் வைத்து மூடிவிடுங்கள்.

மின்சாரப் பக்கத்தில் மூன்று விடயங்கள். ஒன்று, பற்றரிக்கு அருகிலேயே பியூஸ் போடவேண்டும். பியூஸ் எரிந்தால் காரணத்தைத் தேடுங்கள்; வெள்ளித்தாள் சுற்றாதீர்கள். இரண்டு, எஞ்சின் நின்றால் பம்பியும் நிற்கவேண்டும். குழாய் வெடித்தாலோ இயந்திரம் புரண்டாலோ, மின் பம்பி சூடான புகைக்குழாயின் மேல் டீசலை ஊற்றிக்கொண்டேயிருக்கும். ஒயில் அமுக்கம் உள்ளபோது மட்டும் மின்சாரம் விடும் சுவிச்சையும், ஸ்ராட் செய்யும்போதும் காற்றெடுக்கும்போதும் அமுக்குவதற்குத் தனிச் சுவிச்சையும் வைத்தால் இந்த ஆபத்துக் குறையும். மூன்று, டைனமோ பூட்டிய சில பழைய பிரித்தானிய இயந்திரங்களில் பற்றரியின் நேர் முனையே இயந்திர உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இதைப் பாராமல் வயர் கொடுத்தால் இலத்திரனியல் பம்பி அந்த நிமிடமே எரிந்துபோகும்.

சங்கங்கள் செய்யவேண்டியது

இவ்வளவையும் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே அறிந்துவைத்திருக்க முடியாது என்பது உண்மையே. அதனால்தான் கமக்கார அமைப்புகளையும் மாதர் சங்கங்களையும் நோக்கி இதனை எழுதுகிறேன். விதைப்புக்கு ஒரு மாதம் முன்னர், கிராமத்தில் ஓடும் ஒரு இயந்திரத்தை ஒரு மரநிழலில் நிறுத்தி, கிண்ணம் கழுவுவது, பில்ரர் மாற்றுவது, காற்றெடுப்பது ஆகிய மூன்றையும் ஒரே நாளில் பழக்கலாம். பத்துப் பேராவது தங்கள் கையால் செய்து பார்க்கவேண்டும். அப்பத்துப் பேரில் பாதிப்பேர் பெண்களாக இருக்கட்டும். குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் பெண்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். இயந்திரம் நின்றவுடன் "தங்கச்சி, இது உங்களுக்கு விளங்காது" என்று சொல்லி அவர்களிடம் கூடிய கூலி வாங்கும் வழக்கம் அப்போதுதான் ஒழியும்.

ஒவ்வொரு சங்கமும் ஒரு தகரப் பெட்டி வைத்திருக்கலாம். அதற்குள் இரண்டு பில்ரர்கள், பல அளவுச் செப்பு வொஷர்கள், இறப்பர் வளையங்கள், ஊட்டுபம்பியின் தகடு ஒன்று, இரண்டு மீற்றர் ஊடுதெரியும் குழாய், கிளிப்புகள், அங்குல ஸ்பனர்கள் இருந்தால் போதும். எடுத்தவர் பெயரையும் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதி, எடுத்த சாமானுக்குக் காசு வைக்கவேண்டும். டீசலைப் பரலில் சேமிப்பவர்கள் ஒரு நாளாவது அசையாமல் தங்கவிட்டு மேலிருந்து எடுக்கும் வழக்கத்தையும், உழவு முடிந்த மாலையில் தாங்கியை நிரப்பிவிடும் வழக்கத்தையும் சங்கமே பரப்பலாம். நிறைந்த தாங்கியில் இரவுக் குளிரில் நீர் கோர்ப்பது குறையும்.

உதவி நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. புது இயந்திரத்துக்கு மாலை போட்டுக் கையளிக்கும் விழாவுக்கு ஆகும் செலவில் பல கிராமங்களுக்கு இத்தகைய பெட்டிகளைக் கொடுக்கலாம். படத்துக்கு அது எடுப்பாக இராது. விதைப்பு நாளில் அதன் பயன் தெரியும்.

நமது மெக்கானிக் தம்பிமார்மீது பழி போடுவது எனது நோக்கமன்று. அவர்களிற் பலர் புத்தகமும் பாடசாலையும் இல்லாத காலத்தில் கைப்பழக்கத்தால் மட்டுமே தொழில் கற்றவர்கள். வாசலில் ஐந்து இயந்திரங்கள் காத்திருக்கும்போது விரைவாக ஓடவைத்து அனுப்பவேண்டிய அவசரமும் அவர்களுக்கு உண்டு. அவர்களிடம் நாம் கேட்கவேண்டியது ஒன்றே: "தம்பி, காற்று எந்த இடத்தால் போகுதெண்டு எனக்குக் காட்டிப்போட்டு, பிறகு பம்மைப் பூட்டும்." கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். இடத்தைக் காட்டக்கூடியவர் திருத்தவும் கூடியவர். காட்டமுடியாவிட்டால், அன்றைக்குக் காசைக் கொடுக்காமல் இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, கானைக் கட்டித் தூக்குங்கள்.